நடுவில் நின்ற முள்

அன்று காலை பட்டறையில் இருந்தவர்கள்: மெக்கானிக். அவன் மனைவியின் தம்பி, பழைய கார் வாங்கி விற்கிறவன், வேலை இருக்கிறதோ இல்லையோ காலை டீக்கு ஆஜராகிவிடுவான். கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட சாம்பல் நிறக் கார் ஒன்று. அதைக் கொண்டுவந்த, பூட்டு ரிப்பேர் செய்யும் ஐம்பது வயதுக்காரர். மெக்கானிக்கின் மனைவி மாடியில் இருந்தாள், கீழே இறங்கவில்லை. அவளுடைய நகப்பூச்சுப் பாட்டில் மட்டும் கீழே, டூல்ஸ் பெட்டியின் மேல்தட்டில் இருந்தது.

"என்ன மாமா, விடிஞ்சதும் விடியாததுமா பொணத்த இழுத்துட்டு வந்திருக்காங்க?" என்றான் மச்சான்.

பூட்டுக்காரர் சிரிக்கவில்லை. "மூச்சு இருக்கு தம்பி," என்றார். "பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

மெக்கானிக் பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தான். ஆயில் மூடியைத் திருகி எடுத்தான். மூடியின் உள்பக்கம் பால் அதிகமான டீயின் நுரை போல ஒட்டியிருந்தது. இதைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை, இருந்தாலும் ரேடியேட்டர் மூடியையும் திறந்து விரலை விட்டான். பழுப்புச் சேறு. வெளிச்சத்தில் பிடித்தபோது அதில் செம்புத் தூள் மினுங்கியது.

"ஹெட் கேஸ்கட் போயிருக்கு அண்ணே," என்றான். "இன்ஜின்ல மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கும். அது கிழிஞ்சா தண்ணி ஆயிலுக்குள்ள போயிடும், எரியிற காத்து தண்ணிக்குள்ள வந்துடும்."

"இந்த மினுக்குறது?"

"ஒழுகலை அடைக்கிற பவுடர்."

"எவனோ அள்ளிக் கொட்டியிருக்கான் மாமா," என்றான் மச்சான், வாழ்நாளில் ஒரு மூட்டை பவுடராவது கொட்டியிருக்கிறவனுக்கே வரக்கூடிய அப்பாவித்தனத்தோடு.

மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட் செய்வதற்கு இல்லை, மீட்டரில் விளக்குகள் எரிகிறதா என்று பார்க்கத்தான். விளக்குகள் எரிந்தன. சூடு காட்டும் முள் கீழேயிருந்து எழுந்தது, நேராக நடுவுக்குப் போனது, நின்றது.

இன்ஜின் ஜில்லென்று இருந்தது. பத்து நாளாக ஓடாத வண்டி என்று சற்று முன்னால்தான் பூட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஓடாத வண்டியில் அந்த முள் எழுந்திருக்கவே கூடாது.

அவன் சாவியை அணைத்தான். முள் விழுந்தது. மறுபடி திருப்பினான். நடுவில் போய் நின்றது, சொல்லிக் கொடுத்த மாதிரி.

கீழே இறங்கி பானட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். சாம்பல் பெயிண்டுக்கு அடியில் வெள்ளை இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியது எல்லாம் அந்த வெள்ளையிலேயே இருந்தது.

"வண்டி உங்களுதாண்ணே?"

"தங்கச்சி வீட்டுக்காரரது. அவர் தையல்காரர். ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் தைச்சுக் கொண்டுபோய்க் குடுக்கறதுக்கு வாங்கினார்." பூட்டுக்காரர் சுவரோரம் கிடந்த பேட்டரிப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தும் சின்ன அரமும் எடுத்தார். "மேட்டுல ஏறும்போது உஸ்ஸுன்னு சத்தம் வந்திருக்கு. நிறுத்திட்டுப் பாத்திருக்கார். முள்ளு நடுவுல இருந்துச்சாம். நடுவுல இருந்தா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? தண்ணி கொறஞ்சிருக்கும், ஊத்தலாம்னு மூடியத் தொறந்தார்."

மச்சான் டீயைக் கீழே வைத்தான்.

"எட்டு நாள் ஆஸ்பத்திரி. வலது கண்ணு தேறிடுமாம். இடது கண்ணு, கட்டுப் பிரிச்சாத்தான் தெரியுங்கறாங்க."

"சூட்டோட அந்த மூடியத் தொறக்கவே கூடாதுண்ணே," என்றான் மெக்கானிக். சரியான பேச்சுதான். வாயை விட்டு வெளியே வந்ததும் அசிங்கமாக இருந்தது.

"ஆமா தம்பி. சூடுன்னு தெரிஞ்சா தொறந்திருக்க மாட்டார்."

அரம் சாவியின் மேல் ஓட ஆரம்பித்தது. கிரீச், கிரீச் என்று இரண்டு இழுப்பு. அப்புறம் ஊதிப் பார்ப்பார். மறுபடி இரண்டு இழுப்பு.

வால்வு மூடியைக் கழற்றும்போது மெக்கானிக்குக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். இருந்தது. ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல் பாதியை, இறுக்கிப் பிடிக்கும் பத்து போல்ட்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மெரூன் புள்ளி. ஆயிலில் எட்டு மாதம் ஊறியும் உரியாமல் இருந்தது. நல்ல நகப்பூச்சு. மனைவி மலிவானதை வாங்க மாட்டாள்.

ஹெட் போல்ட்டை அளவு ரென்ச்சால் இறுக்கிய பிறகு இன்னும் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். எதைத் திருப்பினோம், எதைத் திருப்பவில்லை என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றிலும் அடையாளம் வைப்பார்கள். சிலர் பெயிண்ட், சிலர் சாக்பீஸ். இவன் கல்யாணமான புதிதில் ஒரு நாள் பெயிண்ட் தீர்ந்துபோய் மனைவியின் பாட்டிலை எடுத்தான், அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. மாதம் ஒரு முறை அதற்குத் திட்டு வாங்குவான். அந்தப் பட்டறைச் சந்தில் அவனைத் தவிர வேறு யாரும் இன்ஜினுக்கு மேக்கப் போடுவதில்லை.

"அதென்ன தம்பி, எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்கு?"

பூட்டுக்காரர் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. தோளுக்குப் பின்னால் நின்றார்.

"கம்பெனியில வைக்கிறதுண்ணே."

"மெரூன் கலர்லயா?"

"கம்பெனிக்குக் கம்பெனி மாறும்."

"அப்படியா." அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். "எங்க தொழில்லயும் உண்டு. ஒரு சாவியக் கையில குடுத்தா, ராவினவன் யாருன்னு சொல்லிடுவேன். கை மாறாது பாருங்க." பிறகு மச்சானிடம் திரும்பி, ஊர்ப்பேச்சு பேசுவது போல, "நீங்க விக்கிற வண்டிக்கெல்லாம் யாரு தம்பி வேல பாக்கறது?" என்றார்.

"வேற யாரு? எங்க மாமாதான். மாமா கைபடாம ஒரு வண்டி என் யார்டைவிட்டு வெளிய போகாது!"

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தான். "மாப்ள, இங்க வா. கேஸ்கட் செட் வாங்கணும், எழுதித் தரேன்."

பின்பக்கம், பழைய டயர்கள் அடுக்கிய இடத்தில், அவன் மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"அது அந்த வெள்ள வண்டிடா."

"எந்த வெள்ள?"

"ஹெட்டு வளைஞ்சிருக்கு, லேத்துல குடுத்து மட்டம் பண்ணணும்னு சொன்னேன். டைம் இல்ல, ரெண்டு மாசம் ஓடினா போதும் மாமான்னு சொன்னியே. பழைய போல்ட்டையே போடு, பவுடரக் கொட்டு, முள்ளு மேல போகாத மாதிரி எதாவது பண்ணுன்னியே. அது."

மச்சானின் முகத்தில் நிறம் போனது. ஆனால் வியாபாரி வாய் அவ்வளவு சீக்கிரம் சாகாது. "எட்டு மாசம் ஓடியிருக்கே மாமா. அப்போ நல்ல வேலதான்."

மெக்கானிக் அடிக்கவில்லை. அடித்தால் சத்தம் கேட்கும்.

"பயப்படாதீங்க மாமா. நான் இவங்களுக்கு விக்கல. வேற வியாபாரிகிட்டத் தள்ளிவிட்டேன், அவன்தான் பெயிண்ட் அடிச்சு வித்திருக்கான். பேப்பர்ல நம்ம பேரே கெடையாது."

"கேஸ்கட் செட்டு. பத்து போல்ட்டு, புதுசு. தெர்மோஸ்டாட். நல்ல கூலண்ட், கலர்த் தண்ணி இல்ல. வாங்கிக் குடுத்துட்டு ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் தல காட்டாத."

"புது போல்ட்டா? பழசு நல்லாத்தானே..."

"போடா."

மதியத்துக்குள் ஹெட்டைத் தூக்கிவிட்டான். கேஸ்கட் இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கருகி அறுந்திருந்தது. இரும்புப் பட்டையை ஹெட்டின் மேல் குறுக்காக வைத்து வெளிச்சத்தில் பார்த்தான். அடியில் வெளிச்சம் தெரிந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் நூலளவு தெரிந்த இடத்தில் இப்போது பிளேடு நுழைந்தது.

ஆனால் அவன் கண் அடிக்கடி போன இடம் வேறு. சூட்டை அளக்கும் சென்சாருக்குப் போகிற வயர். பாதி வழியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. உள்ளே நாலணாப் பெறாத ஒரு ரெசிஸ்டர். சென்சாரின் பேச்சை அறுத்துவிட்டு மீட்டருக்கு ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். ஒரு வெட்டு, ஒரு இழுப்பு, பாக்கெட்டில் போட்டால் முடிந்தது. ஆனால் பூட்டுக்காரர் சாப்பிடப் போகவில்லை. ஒன்றுக்குப் போகவில்லை. டீ வேண்டாம் என்றுவிட்டார். கிரீச், கிரீச்.

"எந்தப் பூட்டுக்குண்ணே, காலையிலேர்ந்து ராவறீங்க?"

"தங்கச்சி வீட்டு முன்ரூம் கதவுக்கு. உள்பக்கம் பூட்ட முடியாம இருந்துச்சு. புதுசு போட்டேன், சாவி இன்னும் சரியா ஒக்காரல."

ஹெட்டைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்தான். "லேத்துக்குப் போறேன். நீங்களும் வரீங்களாண்ணே? கண்ணால பாத்துடலாம், எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு."

"நான் இங்கயே இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

லேத்துக்காரன் ஹெட்டை மெஷினில் ஏற்றி முதல் சீவல் சீவியபோது நடுப்பகுதி கறுப்பாகவே நின்றது, ஓரங்கள் மட்டும் பளபளத்தன. "இத எவன்டா இப்படியே மாட்டினது?" என்றான் லேத்துக்காரன். "செருப்பாலயே அடிக்கணும்." மெக்கானிக் ஆமாம் என்றான். நாளைக் காலையில் தருவதாகச் சொன்னான் லேத்துக்காரன்.

திரும்பி வந்தபோது பூட்டுக்காரர் அதே பெட்டியில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் வேலை பார்க்கிற சாக்கில் இன்ஜினுக்குள் குனிந்தான். கை வயரைத் தேடிப் போனது.

டேப் முடிச்சு இல்லை. வயர் சுத்தமாக வெட்டப்பட்டு, இரண்டு செம்பு நுனிகளும் வெளியே தெரிந்தன. வெட்டினவருக்குக் கை நடுங்கியிருக்கவில்லை.

அவன் அப்படியே குனிந்தபடி இருந்தான். முதுகுக்குப் பின்னால் அரம் நின்றுபோயிருந்தது.

"எதாவது காணோமா தம்பி?"

"இல்லண்ணே."

"காணோம்னா சொல்லுங்க. தேடித் தரேன்."

அன்று இரவு அவன் தூங்கவில்லை என்று சொன்னால் அது பொய். தூங்கினான். நடுவில் ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடித்தபோது கணக்குப் போட்டான். ரெசிஸ்டர் அவர் கையில். ஆனால் வைத்தது யார் என்று அதில் எழுதியா இருக்கிறது? மச்சான் உளறினான், எல்லா வியாபாரிக்கும் ஒரு மாமா உண்டு. போல்ட் புள்ளியைக் கம்பெனி மேல் போட்டாகிவிட்டது. பழைய போல்ட்டுகளைச் சாயங்காலம் அவர் போனதுமே தின்னரில் கழுவிவிட்டான். இனி ஒன்றே ஒன்று: வேலையைச் செய்து, வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். ஒழுங்காகச் செய்து. அது ஒன்றாவது.

மறுநாள் காலை பட்டறைக் கதவைத் திறந்தபோது பூட்டுக்காரர் வெளியே நின்றிருந்தார். நகப்பூச்சுப் பாட்டில் ஞாபகம் வந்து, அவர் உள்ளே வருவதற்குள் அதைத் தட்டிலிருந்து எடுத்து வேஸ்ட் துணிக்கு அடியில் சொருகினான்.

அன்று அவன் செய்தது போன்ற வேலையை அவனே நாலைந்து வருடமாகச் செய்திருக்கவில்லை. இன்ஜினின் கீழ் பாதியான பிளாக்கின் மேற்பரப்பைப் பழைய கேஸ்கட்டின் கருகல் ஒரு பொட்டு இல்லாமல் சுரண்டித் துடைத்தான். போல்ட் துளைகளில் தேங்கிய தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்றினான். ரேடியேட்டரைக் கழற்றி, சேறு வருவது நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை, மேலிருந்தும் கீழிருந்தும் மாற்றி மாற்றிக் குழாயை வைத்துக் கழுவினான். வெட்டுப்பட்ட வயரை சென்சாரோடு நேராகச் சேர்த்து ஈயம் வைத்தான். சரியான கேஸ்கட், சரியான பக்கம் மேலே. லேத்திலிருந்து வந்த ஹெட்டைத் தனியாளாகத் தூக்கி, மூச்சைப் பிடித்து, ஒரே தடவையில் உட்காரவைத்தான்.

பத்து புது போல்ட்டுகள். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு. முதல் சுற்று லேசாக. இரண்டாவது சுற்று அளவு ரென்ச் டக் என்று சொல்லும்வரை. அப்புறம் கால் சுற்று. ஒன்றைத் திருப்பினான், அடுத்ததுக்குப் போனான். உடம்பு முழுக்க வேலைக்குள் இறங்கியிருந்தது. பயம் எங்கோ வெளியே நின்றது. மாடியில் மனைவி ஏதோ தட்டினாள், தெருவில் ஒரு லாரி பின்னால் வந்தது, எதுவும் காதில் ஏறவில்லை. நல்ல வேலை நடக்கும்போது வருகிற ஒரு நிம்மதி உண்டு. வெகுநாள் கழித்து அது வந்திருந்தது.

கடைசி போல்ட்டையும் திருப்பி முடித்து நிமிர்ந்தபோதுதான் அரத்தின் சத்தம் கேட்கவில்லை என்று தெரிந்தது.

பூட்டுக்காரர் இன்ஜினுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் பார்வை போல்ட்டுகளின் மேல் இருந்தது. மெக்கானிக்கும் குனிந்து பார்த்தான்.

பத்து தலையிலும் பத்து மெரூன் புள்ளி. ஈரமாக, பளபளவென்று. இடது கையில் மூடி திறந்த பாட்டில். வலது கைக்குள் ரென்ச்சோடு சேர்த்துப் பிடித்திருந்த குட்டி பிரஷ். துணிக்கு அடியிலிருந்து அதை எப்போது எடுத்தான்? அவன் எடுக்கவில்லை. கை எடுத்தது.

ரசாயன வாசனை இருவருக்கும் நடுவில் நின்றது.

"நல்ல கலரு," என்றார் பூட்டுக்காரர்.

மெக்கானிக் பிரஷைப் பாட்டிலுக்குள் சொருகி மூடியைத் திருகினான்.

"காயட்டும் தம்பி. அப்புறம் மூடுங்க." அவர் போய் உட்கார்ந்தார். அரத்தைக் கைக்குட்டையில் துடைத்து, மடித்து, பையில் வைத்தார். சாவி முடிந்துவிட்டது போலிருக்கிறது.

மிச்ச வேலை இரண்டு மணி நேரம் பிடித்தது. கூலண்ட் ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்து, உள்ளே அடைபட்ட காற்றெல்லாம் குமிழ் குமிழாக வந்து தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டான். முள் அடியில் படுத்திருந்தது. மெல்ல மெல்ல, பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, நடுவுக்கு ஏறியது. ஃபேன் சுழன்றது. முள் ஒரு நூல் இறங்கியது, மறுபடி ஏறியது. உயிருள்ள முள்.

"முடிஞ்சுதுண்ணே. எடுத்துட்டுப் போலாம்."

"ஹெட்டு வேல பாத்தா முதல் ஓட்டம் நீங்க கூடவே வந்து முள்ளப் பாப்பீங்களாமே. வெளிய சொன்னாங்க."

அது உண்மைதான். அதுவும் அவன் பழக்கம்தான். சந்து முழுக்கத் தெரியும்.

"இன்னிக்கு வேற வேல இருக்குண்ணே."

"பத்து நிமிஷம். தங்கச்சி வீடு பக்கத்துலதான். இதுக்கு முன்னாடி நாலு பட்டறையில காட்டினேன், நீங்க அஞ்சாவது. அதுல ஒருத்தர் மேல் மூடியக் கழட்டிப் பாத்துட்டு, ‘இந்தப் பொட்டு கம்பெனி வச்சது இல்ல, யாரோ நகப்பூச்சு வச்சிருக்கான்'னு சொன்னார். யாருன்னு அவருக்குத் தெரியல. தெரிஞ்சவரு சொல்லல." அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனார். "ஏறுங்க."

ஏறாமல் இருக்கலாம். ஏறாவிட்டால் அவர் இங்கேயே பேசுவார். மாடியில் ஜன்னல் திறந்திருக்கிறது. அவன் ஏறினான்.

"எங்க போறீங்க? சாப்பாடு ஆறிடும்," என்று மேலேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "அந்த பாட்டில எங்க வச்சுத் தொலைச்சீங்க?"

"வந்துடறேன்," என்றான். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வண்டி அருமையாக ஓடியது. அவன் வழி முழுக்க முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான், பார்க்க வேறு இடம் இல்லை. பூட்டுக்காரர் வேண்டுமென்றே மேட்டு வழியாகப் போனார். மேட்டின் பாதியில் வேகத்தைக் குறைத்து, சாலையோரம் ஒரு இடத்தைப் பார்த்தார். தார் அங்கே வேறு மாதிரி இல்லை. சாதாரண இடம்.

"இங்கதான்," என்றார். மறுபடி வேகம் எடுத்தார்.

குறுகலான தெரு, ஒட்டி ஒட்டி வீடுகள். வண்டி நின்றது. மெக்கானிக் கதவுப் பிடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நான் வேணும்னு..."

"எங்கிட்ட எதுக்கு? என் மூஞ்சியிலயா ஊத்துச்சு?" அவர் குரல் உயரவில்லை. "உள்ள வந்து சொல்லுங்க. அவர் பத்து நாளா ஒரே கேள்வியத்தான் கேட்டுக்கிட்டு இருக்கார்: முள்ளு நடுவுலதானே இருந்துச்சு, நான்தான் சரியாப் பாக்கலியான்னு. வீட்டுல யார் சொல்லியும் நம்ப மாட்டேங்கறார். தன் தப்புன்னே நெனச்சுட்டு இருக்கார். சோறு எறங்கல."

ஓடலாம். தெருக்கோடி முப்பது அடி. கால்கள் என்னவோ வீட்டுப் பக்கம் நடந்தன, போல்ட்டில் பொட்டு வைத்த கையைப் போல அவையும் யாரையும் கேட்கவில்லை.

முன்ரூம் இருட்டாக இருந்தது. வெளிச்சம் கூடாது என்று ஜன்னலைத் துணியால் மறைத்திருந்தார்கள், நீல யூனிஃபார்ம் துணி. தையல் மெஷின் மேல் பாதி தைத்த சட்டை ஒன்று ஊசியில் மாட்டியபடியே இருந்தது. மெஷினுக்குப் பின்னால் அதே நாற்காலியில் தையல்காரர். நெற்றியிலிருந்து மூக்குவரை வெள்ளைக் கட்டு. கட்டுக்கு வெளியே கன்னத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவர் விரல்கள் மெஷின் சக்கரத்தை ஒரு பல் முன்னால், ஒரு பல் பின்னால் உருட்டிக்கொண்டிருந்தன. உள் வாசற்படியில் ஒரு பெண் கையைத் துடைக்காமல் நின்றாள், தண்ணீர் சொட்டியது. தங்கச்சியாகத்தான் இருக்க வேண்டும். அவள் ‘வாங்க' என்று சொல்லவில்லை.

சக்கரம் நின்றது.

"யாரு மச்சான்?" என்றார் தையல்காரர்.

"வண்டிக்கு வேல பாத்தவரு."

"எந்தத் தடவ பாத்தவரு?"

பூட்டுக்காரர் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். சாவிகளுக்கு நடுவில், வளையத்தில் கம்பியால் கோத்து, கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு தொங்கியது. சுண்டுவிரல் நகம் அளவுதான்.

"ரெண்டு தடவையும்," என்றார்.

மெக்கானிக்குக்குப் பின்னால் அவர் கதவைச் சாத்தினார். இரண்டு நாளாக ராவிய சாவி ஒரே தடவையில் பூட்டுக்குள் போய் உட்கார்ந்தது, உரசல் இல்லாமல் சுற்றியது. பூட்டு விழுந்ததா என்று அவர் கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். விழுந்திருந்தது.